உவர் தாங்கும் நெல்லின் மரபணுப் பட்டியலுக்கு எந்தச் சொற்றொகுதி: ஜீஓவா, கெக்கா, மேப்மேனா?

ஆர்என்ஏ மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போய், வரிசைப்படுத்தல் முடிந்து, தரவும் இறங்கிவிட்டது. உவர்நீரில் வளர்ந்த நெல் நாற்றின் வேரில் எந்த மரபணுவின் வெளிப்பாடு ஏறியது, எதனுடையது இறங்கியது என்ற எக்செல் தாள் கையில் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் வரிசைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் இலக்கம். அதை அப்படியே மேற்பார்வையாளரிடம் நீட்டினால் அவர் கேட்கப்போவது ஒன்றைத்தான்: இதெல்லாம் என்ன வேலை செய்கிற மரபணுக்கள்?

அதற்குப் பதில் சொல்ல ஒரு பொதுச் சொற்றொகுதி வேண்டும். எல்லா உயிரிக்கும், எல்லா ஆய்வாளருக்கும் ஒரே பொருள் தருகிற, கணினிக்கும் புரிகிற சொற்கள். அப்படிப்பட்ட சொற்றொகுதிகள் இன்று ஒன்றல்ல, ஜீஓ, கெக், மேப்மேன் என்று பல இருக்கின்றன. கொழும்பில் முதுமாணி ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு இந்தக் கட்டத்தில் அடிக்கடி கைகொடுப்பவன் என்ற முறையில் என் கணிப்பை எழுதுகிறேன். உதாரணத்துக்கு நெல்லையும் உவரையும் எடுத்திருக்கிறேன். புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் என்று கரையோர வயல்கள் உப்பேறுவதால் இங்கே பலர் கையில் எடுக்கும் தலைப்பு அது. அம்பலாந்தோட்டையில் உருவான ஏடி 354, பழைய பொக்காளி போன்ற உவர் தாங்கும் நெல் இனங்கள் எல்லாம் இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும்.

முதலில் ஒரு மரபணுவைக் கிட்டப் பார்ப்போம். நெல்லின் 1ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு சோடியம் கடத்தி இருக்கிறது. வேரிலிருந்து காழ் என்ற நீர்க்குழாய் வழியாக மேலே ஏறும் சோடியத்தைப் பிடித்து இறக்கிவிடுவது அதன் வேலை. அதனால் இலைக்கு உப்பு குறைவாகப் போகிறது. 2005இல் உவர் தாங்குவதில் இதன் பங்கைக் கண்டுபிடித்தவர்கள் எஸ்கேசி1 என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன் ஓஎஸ்எச்கேடி8 என்ற பெயர் இருந்தது. இப்போது பெரும்பாலும் ஓஎஸ்எச்கேடி1;5 என்கிறார்கள். நெல் மரபணுக்களுக்கான ராப் தரவுத்தளத்தில் இதன் இலக்கம் ஓஎஸ்01ஜி0307500. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பெயரில் வழங்கும் தரவுத்தளத்திலோ எல்ஓசி_ஓஎஸ்01ஜி20160. ஆள் ஒன்று, பெயர் ஐந்து. ஒரு கட்டுரையில் ஒரு பெயரையும் அடுத்ததில் வேறொன்றையும் பார்க்கிற மாணவருக்கு இரண்டும் ஒன்றே என்று யார் சொல்வது? பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான் என்பதைப் பிடித்து வைக்கத்தான் சொற்றொகுதி.

இந்த யோசனை புதிதல்ல. நொதியங்களுக்கு இலக்கம் கொடுக்கும் முறை 1961இலேயே வந்துவிட்டது. அற்ககோல் டீஹைட்ரோஜினேஸ் உலகம் முழுக்க 1.1.1.1தான். 1993இல் மோனிக்கா ரைலி ஈகோலை பக்றீரியாவின் மரபணுக்களை வேலைவாரியாக வகுத்தார். ஆனால் பழ ஈ, மதுவம், எலி என்று ஒவ்வோர் உயிரிக்கும் தனித்தனித் தரவுத்தளம் வளர்ந்தபோது ஒவ்வொன்றும் தன் போக்கில் சொற்களை வைத்துக்கொண்டது. அந்த மூன்று தரவுத்தளக்காரரும் 1998இல் கூடி ஆரம்பித்ததுதான் ஜீன் ஒன்டொலொஜி. சுருக்கமாக ஜீஓ. மைக்கல் ஆஷ்பேர்னரும் மற்றவர்களும் 2000இல் அதைக் கட்டுரையாக அறிவித்தார்கள்.

ஜீஓ ஒரு மரபணுவைப் பற்றி மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறது. மூலக்கூறு மட்டத்தில் அதன் தொழில் என்ன, எந்த உயிரியல் செயன்முறையில் பங்கு, கலத்தில் எங்கே இருக்கிறது. நமது கடத்தியைச் சொல்லத் தேவையான சொற்கள் அங்கே தயாராக உள்ளன. தொழிலுக்கு சோடியம் அயனைக் கடத்தும் செயற்பாடு, ஜீஓ:0015081. செயன்முறைக்கு சோடியம் அயன் கடத்தல், ஜீஓ:0006814. கூடவே உவர் நெருக்கீட்டுக்கான பதில், ஜீஓ:0009651. இடத்துக்கு முதலுரு மென்சவ்வு, ஜீஓ:0005886. தொழிலையும் செயன்முறையையும் பிரித்தது மிகப் பெரிய நன்மை. ஒரே கடத்தல் தொழிலைச் செய்யும் இரண்டு புரதங்கள் முற்றிலும் வேறான செயன்முறைகளில் இருக்கலாம். அதைக் குழப்பாமல் சொல்ல இதில் வழியுண்டு.

இந்தச் சொற்கள் ஒரே கிளையில் தொங்கும் மரமும் அல்ல. ஒரு சொல்லுக்குப் பல மேற்சொற்கள் இருக்கலாம். கீழ்ச்சொல்லில் ஒரு மரபணு இருந்தால் மேலே உள்ள எல்லாச் சொற்களிலும் அது இருக்கிறது என்பதே விதி. உவர் நெருக்கீட்டில் இருக்கும் மரபணு, இடையில் எத்தனை படி வந்தாலும், நெருக்கீட்டுக்கான பதிலிலும் தூண்டலுக்கான பதிலிலும் தானாகவே சேர்ந்துவிடும். என்ரிச்மென்ட் பகுப்பாய்வு, அதாவது பட்டியலில் எந்தச் சொல் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக வருகிறது என்ற கணக்கு, செய்தவுடன் நீளமான பட்டியல் கொட்டுவதற்கு இதுதான் காரணம். ஒரே மரபணுக் கூட்டம் எட்டுப் பெயர்களில் வந்து நிற்கும். இதைக் குறைக்க ரெவிகோ போன்ற கருவிகள் உண்டு. தாவரங்களுக்கென்று சுருக்கிய ஜீஓ தொகுப்பும் உண்டு. பட்டியல் நீளம் என்று ஜீஓவைத் தள்ளிவைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் தொட்டுப் பார்க்காதவர்கள்.

கெக் வேறு வயிற்றில் பிறந்த பிள்ளை. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனேஹிசா 1995இல் தொடங்கினார். அதன் மையம் படம்தான். கிளைக்கோபகுப்பு, ஒளித்தொகுப்பு என்று ஒவ்வொரு பாதைக்கும் கையால் வரைந்த வரைபடம், அதில் ஒவ்வொரு நொதியத்துக்கும் ஒரு பெட்டி. உங்கள் மரபணுக்களை ஏற்றினால் பெட்டிகள் நிறம் மாறும். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. மாணவர்கள் மயங்குவதும் இங்கேதான். வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தங்கச்சி போனில் கேட்டார்:

"அண்ணா, கெக்கில போட்டா படமே வருது. ஜீஓவில நீட்டுக்கு லிஸ்ட்தான். நான் படத்தையே தீசிஸ்ல போட்டுவிடட்டா?"

"போடலாம். அந்தப் படத்தில உங்கட பட்டியல்ல எத்தினை மரபணு ஏறியிருக்கு எண்டு பாத்தீங்களா?"

"அது... பாக்கேல்ல அண்ணா."

பார்த்தபின் மீண்டும் அழைத்தார். பட்டியலின் பெரும்பகுதி எந்தப் படத்திலும் இல்லை. கெக்கின் இயல்பு அது. தாக்கங்கள் நன்கு தெரிந்த அனுசேபப் பாதைகளில் அது அசைக்க முடியாத பலசாலி. நமது சோடியம் கடத்தி போன்றவை அந்த வரைபடங்களில் இடம் பிடிப்பது அரிது. இடமில்லாத மரபணுவைப் பற்றி அது எதுவும் சொல்லாது, பேசாமல் விட்டுவிடும். விட்டுவிட்டது என்பதும் படத்தில் தெரியாது.

உவர் ஆய்வில் எல்லோரும் போய் நிற்கும் படம் தாவர ஓமோன் சமிக்ஞைப் பாதை, இலக்கம் 04075. அப்சிசிக் அமிலத்தின் வரிசையில் பிபி2சி என்று ஒரு பெட்டி இருக்கும். அது ஒரு மரபணு அல்ல, ஒரு குடும்பம். நெல்லில் அந்தப் பெட்டிக்குள் பல உறுப்பினர் உண்டு. அவர்களில் ஒருவர் ஏறினாலும் பெட்டி சிவக்கும், இன்னொருவர் இறங்கியிருந்தாலும் கூட. நிறத்தைப் பார்த்து "அப்சிசிக் அமிலப் பாதை தூண்டப்பட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். பெட்டிக்குள் யார் யார் என்று பார்க்காமல் இதை எழுதுவது சரியல்ல.

இன்னொரு வேடிக்கை. நெல்லுக்கென்று உள்ள தொகுப்பை விட்டுவிட்டு எல்லா உயிரிக்கும் பொதுவாகக் கெக் இடும் கேஓ இலக்கங்களை வைத்து ஏற்றினால் ஹன்டிங்டன் நோய், பார்க்கின்சன் நோய் என்றெல்லாம் விடை வரும். நெல்லுக்கு ஏது நடுக்குவாதம்? அந்த நோய்ப் படங்களில் இழைமணியின் சுவாசப் புரதங்கள் இருக்கின்றன, நெல்லிலும் அவை இருக்கின்றன, அவ்வளவுதான். இதை அப்படியே அட்டவணையில் போட்டு அச்சான கட்டுரைகளையும் பார்த்திருக்கிறேன்.

பணமும் ஒரு விடயம். கெக் இணையத்தளத்தைப் பார்ப்பதற்கு எதுவும் கட்டத் தேவையில்லை. ஆனால் முழுத் தரவையும் ஒரேயடியாக இறக்குவதற்கு 2011 முதல் சந்தா வேண்டும். பல்கலைக்கழகம் சாராத நிறுவனமென்றால் உரிமமும் வாங்க வேண்டும். வரைபடத்தைக் கட்டுரையில் அச்சிடவும் அனுமதி கேட்க வேண்டும். டொலரில் கட்டணம் கட்டுவது இங்கே எவ்வளவு இழுபறி என்பது 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஜீஓ அப்படியல்ல. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், இறக்கலாம், மாற்றலாம், மறுபடி வெளியிடலாம். நாளை உங்கள் தரவை இன்னொருவர் தன் தரவோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் இது சின்ன விடயம் இல்லை.

மேப்மேன் பற்றி இங்கே பலருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். ஜேர்மனியின் கோல்மில் உள்ள மக்ஸ் பிளாங்க் தாவர நிறுவனத்தில் 2004இல் வந்தது. முழுக்க முழுக்கத் தாவரத்துக்கென்றே செய்யப்பட்டது. மரபணுக்களை இலக்கமிட்ட பெட்டிகளில் இடுவார்கள். பழைய பதிப்பில் 1 ஒளித்தொகுப்பு, 20 நெருக்கீடு, அதற்குள் 20.2.3 வரட்சியும் உவரும், 34 கடத்தல். நமது கடத்தி 34இல் போய் உட்காரும். மனிதருக்காக எழுதிய இதய விருத்தி, நரம்பு என்ற சொற்கள் எட்டியும் பார்க்காது. ஜீஓவில் அவை சிலவேளை நெல்லுக்குள்ளும் நுழைந்துவிடும், ஓதோலொக் (வேறோர் உயிரியில் உள்ள இணையான மரபணு) வழியாகக் கணினி எடுத்து வந்து ஒட்டிவிடுகிற சொற்கள்.

மேப்மேனில் எனக்கு மிகவும் பிடித்தது 35ஆம் பெட்டி: "இடப்படாதவை". வேலை தெரியாத மரபணுவையும் அது தூக்கியெறிவதில்லை, அந்தப் பெட்டியில் வைத்துக் காட்டும். உங்கள் பட்டியலில் எத்தனை பங்கு இன்னும் இருட்டில் இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். பக்றீரியாக்காரர்கள் பயன்படுத்தும் கொக் என்ற வேலைவாரி வகுப்பில் எஸ் என்ற எழுத்து இதே வேலையைச் செய்கிறது. ஜீஓவும் நேர்மையாகத்தான் நடந்துகொள்கிறது. தேடிப் பார்த்தும் எதுவும் கிடைக்காவிட்டால் தலைச்சொல்லையே இட்டு, தரவு இல்லை என்று சொல்லும் என்டி என்ற சான்றுக் குறியீட்டையும் போடும். ஆனால் என்ரிச்மென்ட் கருவிகள் அதை விழுங்கிவிடுவதால் மாணவர் கண்ணில் படாது.

மேப்மேனின் குறை அதன் எளிமைதான். ஓரிரு பெட்டிகளோடு ஒரு மரபணுவின் கதை முடிந்துவிடும். தொழில், செயன்முறை, இடம் என்ற பிரிப்பு கிடையாது. உவருக்கு நெல்லும் மதுவமும் எப்படி வேறுபட்டுப் பதில் சொல்கின்றன என்று கேட்டால் அதில் பதில் இல்லை. பழைய பெட்டி இலக்கங்களும் புதிய பதிப்பின் இலக்கங்களும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக்கூடாது. புதியதில் கடத்தல் 24.

ரியாக்டோமை வேகமாகக் கடந்துவிடலாம். மனிதக் கலத்தின் தாக்கங்களை நிபுணர்கள் ஒவ்வொன்றாக எழுதிப் பார்வையிடும் தளம் அது. கொழும்பில் டெங்கு நோயாளரின் இரத்தத்தை ஆய்பவர்களுக்கு முதல் தெரிவாக அதையே சொல்வேன். நெல்லை ஆதாரமாகக் கொண்ட தாவர ரியாக்டோம் ஒன்று உண்டு. நெல்லுக்கு அதைத் துணையாகப் பார்ப்பது பிழையில்லை, ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு தீசிஸ் அத்தியாயத்தை நான் எழுதமாட்டேன்.

இப்போது தெரிவுக்கு வருகிறேன். உவர் நெல் பட்டியலுக்கு அடித்தளம் ஜீஓதான். இதில் எனக்குச் சந்தேகமில்லை. அயன் கடத்தல், சமிக்ஞை, மென்சவ்வு என்று உவரின் கதை ஓடும் இடமெல்லாம் அதற்குச் சொல் இருக்கிறது. பக்கத்தில் மேப்மேனை வைத்து முழுப் படத்தையும் 35ஆம் பெட்டியின் அளவையும் காட்டுங்கள். கெக்கை, பட்டியலில் ஏதாவது ஓர் அனுசேபப் பாதை உண்மையிலேயே தலைதூக்கினால் மட்டும் தொடுங்கள். கேள்வியே மாவுப்பொருள் அனுசேபம் பற்றியதென்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்கி கெக்கில் தொடங்குவேன்.

ஆனால் ஜீஓவைத் தெரிவுசெய்தவுடன் வேலை முடிந்துவிடாது. அதில் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் ஒரு சான்றுக் குறியீடு உண்டு. ஐடிஏ என்றால் ஆய்வுகூடத்தில் நேரடியாகச் சோதித்தது. ஐஎம்பி என்றால் அந்த மரபணு மாறிய விகாரியைப் பார்த்து அறிந்தது. ஐஈஏ என்றால் யாரும் தனித்தனியாகப் பார்க்காமல் கணினி இட்டது. தாவரங்களில் பெரும்பாலானவை ஐஈஏதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, புரத டொமெயின்களை (புரதத்தில் தனித்து அடையாளம் காணக்கூடிய பகுதிகளை) வைத்து இடுகிற குறிப்புகள் பெரும்பாலும் நம்பத்தக்கவை. எனக்குப் பயம் ஐஈபியில். அது வெளிப்பாட்டை வைத்து ஊகித்தது. எங்கோ யாரோ உவர்நீரில் நாற்றை வைத்தபோது ஒரு மரபணு ஏறியது, அதனால் அதற்கு "உவர் நெருக்கீட்டுக்கான பதில்" என்று குறிப்பிட்டார்கள். நீங்களும் நாற்றை உவர்நீரில் வைக்கிறீர்கள், அதே மரபணு ஏறுகிறது, "உவர் நெருக்கீட்டுக்கான பதில் மிகைத்திருக்கிறது" என்று விடை வருகிறது. வட்டமடித்து வந்த இடத்துக்கே வந்ததைக் கண்டுபிடிப்பு என்று எழுதுகிறோம். அந்தச் சொல் மேலே வந்தால், ஐஈபி குறிப்புகளை நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மறைந்துபோனால் அதைத் தலைப்பாக்க வேண்டாம்.

உங்கள் பட்டியலை எதோடு ஒப்பிடுவது என்ற பின்னணிப் பட்டியலும் அப்படித்தான், எந்தச் சொற்றொகுதியை எடுத்தாலும் இது காலை வாரும். சர்வதேச நெல் மரபணுத்தொகைத் திட்டம் 2005இல் 37,544 மரபணுக்களை ஊகித்தது. கருவியில் பின்னணி எதுவும் கொடுக்காவிட்டால் அது தன்னிடமுள்ள எல்லா மரபணுக்களையும் எடுத்துக்கொள்ளும். உங்கள் மாதிரியோ வேர். வேரில் வெளிப்படாத ஒளித்தொகுப்பு மரபணுக்களையும் சேர்த்து ஒப்பிட்டால் "வேரில் வேர் மரபணுக்கள் அதிகம்" என்ற விடைதான் கிடைக்கும். வேரில் வெளிப்பட்டவற்றை மட்டும் பின்னணியாகக் கொடுங்கள். பல இணையக் கருவிகளில் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கும், கீழே எங்காவது.

இலக்கச் சிக்கலை முதலிலேயே தீர்த்துவிடுங்கள். ராப் இலக்கமும் மிச்சிகன் இலக்கமும் ஒரே மரபணுத்தொகையின் மேல் இரண்டு வேறு கணக்கெடுப்புகள். எல்லா மரபணுவுக்கும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. ராப் தளத்திலேயே மாற்றும் கருவி இருக்கிறது. எத்தனை மரபணு மாற்றத்தில் விழுந்துபோயின என்பதையும் எழுதி வையுங்கள். கெக்கிலும் நெல்லுக்கு ஓஎஸ்ஏ, டிஓஎஸ்ஏ என்று இரண்டு உண்டு. ராப் இலக்கக்காரருக்கு டிஓஎஸ்ஏ. அத்தோடு, இந்த இலக்கங்கள் எல்லாம் நிப்பொன்பரே என்ற யப்பானிக்கா நெல்லை வைத்தவை. நமது வயல்களில் உள்ளவை பெரும்பாலும் இண்டிக்கா. வெள்ளத்தில் மூழ்கியும் பிழைக்க வைக்கும் சப்1ஏ மரபணு நிப்பொன்பரேயில் இல்லவே இல்லை. அப்படியொன்று உங்கள் தரவில் இருந்தால், அது பட்டியலுக்கே வராது. எந்தச் சொற்றொகுதியும் அதைக் காப்பாற்றாது.

பதிப்புத் திகதியும் முக்கியம். ஜீஓவில் சொற்கள் சேரும், ஒழிக்கப்படும், இடம் மாறும். கருவிகள் எல்லாம் அதோடு ஓடிவருவதில்லை. என்ரிச்மென்ட் செய்யும் பிரபலமான டேவிட் கருவியின் அறிவுத்தளம் 2010க்குப் பின் 2016 வரை புதுப்பிக்கப்படாமல் இருந்தது, அந்த இடைவெளியில் அதை வைத்து எழுதிய கட்டுரைகள் ஏராளம். தாவரக்காரர் விரும்பும் அக்ரிகோவின் 2ஆம் பதிப்பு 2017இல் வந்தது. ஒரு கருவியைத் தெரிவுசெய்யுமுன் அதன் தரவு எந்த ஆண்டினது என்று பாருங்கள். ஆர் என்ற கணினி மொழி கொஞ்சம் தெரிந்தவர் அதிலுள்ள கிளஸ்டர்புரொபைலர் என்ற கருவியில், புதிதாக இறக்கிய குறிப்புக் கோப்பைத் தானே கொடுத்து ஓட்டுவதுதான் நல்லது. மடிக்கணினியே போதும், பெரிய சேவர் எதுவும் வேண்டாம்.

நெல் படித்தவர்களுக்கு இத்தனை தெரிவு. பனையையோ குரக்கனையோ எடுத்தவர்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். அவர்களுக்கு ஆயத்தக் குறிப்பு கிடைப்பது கஷ்டம். புரத வரிசைகளை எக்நொக்மேப்பர் என்ற கருவியில் கொடுத்தால் ஜீஓ சொல், கேஓ இலக்கம், கொக் எழுத்து மூன்றையும் ஒரே ஓட்டத்தில் தரும். மேப்மேனுக்கு மெர்க்கேட்டர் தளத்தில் அதே வரிசைகளை ஏற்றலாம். எல்லாமே கணினி ஊகம் என்பதால் சான்றுக் குறியீட்டைப் பார்த்து வடிகட்டும் வேலை அங்கே இல்லை. அதற்குப் பதிலாக, முடிவுக்கு முக்கியமான பத்துப் பன்னிரண்டு மரபணுக்களை எடுத்து, எந்தப் புரதத்தோடு ஒத்திருப்பதால் அந்தச் சொல் வந்தது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. பரீட்சகர் முதலில் கை வைக்கப்போவதும் அந்த மரபணுக்களில்தான்.